இலையின் பகையும் வேரின் உறவும்

புத்தளம் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பம் மணற்பாங்கான நிலம். கிணற்று நீரை இறைத்து அம்மணலில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் உழவர், இலையிற் புள்ளி கண்டதும் மருந்து தெளிக்க விரைவர். அப்புள்ளிகளிற் பல பங்கசு என்னும் உயிரினத்தின் வேலையே. ஆனால், அதே செடியின் வேரில் வேறு பங்கசுகள் குடியிருந்து அதற்கு உணவு தேடிக் கொடுக்கின்றன. அவ்வாறாயின், பங்கசு எப்பொழுது பெரும்பகையாக மாறுகின்றது? இவ்வினாவுக்கு இலங்கை ஒரு காலத்திற் பெருவிலை கொடுத்து விடை கண்டது. அவ்வரலாறு நிகழ்ந்த இடம் மலைநாடு. அழிந்த பயிர் கோப்பி.

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. மலைக்கு மலை கோப்பியே நடப்பட்டது. 1870 ஆம் ஆண்டளவில், ஓராண்டில் ஏறக்குறைய 10 கோடி இறாத்தல் கோப்பி கப்பலேறியது. இச்செல்வத்தை விளைவித்தவர்கள் தமிழகத்திலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்த தொழிலாளர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே மாண்டோர் பலர்.

1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே, திருச்சபைக் குருவும் பங்கசு ஆராய்ச்சியாளருமான பெர்க்லி, அவ்வாண்டிலேயே அதற்கு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். ‘வஸ்டாட்ரிக்ஸ்’ என்பதன் பொருள் ‘பாழாக்குவது’ என்பதாம். தோட்டத் துரைமாரோ அதனைப் பொருட்படுத்தினாரில்லை. மண்ணையும் மழையையும் குறை கூறினர். சந்தையில் விலை ஏறியமையால், விளைச்சல் குறைந்தபோதும் மேலும் காடழித்துக் கோப்பியையே நட்டனர்.

1880 இல் அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இலங்கை வந்தார். ஏறத்தாழ ஈராண்டுகள் ஆராய்ந்தார். காற்றிற் கண்ணாடித் தகடுகளை வைத்து, அவற்றிற் படிந்த வித்திகளை நுணுக்குக்காட்டியிற் கண்டார். இலையின் நீர்த்துளியில் வித்தி முளைப்பதும், இலைவாயின் வழியே உட்புகுந்து இழைகளாய்ப் பரவி உணவை உறிஞ்சுவதும், சில வாரங்களில் மீண்டும் தூளாய் வெளிப்படுவதும் அவரால் தெளிவாயின. நோயுற்ற இலை காலத்துக்கு முன்னே உதிர்கின்றது. இலையிழந்த மரம் காய் தாங்க வலியிழக்கின்றது.

வார்ட் கண்ட மற்றோர் உண்மை இதனினும் பெரிது. கோப்பி மரம் ஆபிரிக்கக் காடுகளில் பிற மரங்களின் நிழலிற் சிதறி வளர்வது. அங்கே ஒரு மரத்து வித்தி இன்னொரு கோப்பி மரத்தை அடைவது எளிதன்று. இலங்கையிலோ, இடையீடின்றி ஒரே பயிர் பரந்திருந்தது. காற்று எத்திசையில் வீசினும் வித்திக்கு விருந்து காத்திருந்தது. துரைமார் எதிர்பார்த்தது ஒரு மருந்து. வார்ட் கூறியதோ பயிரிடும் முறையின் குற்றம். ஆகவே அவர்கள் ஏமாற்றமே அடைந்தனர். செம்புச் சேர்மம் கலந்த போர்டோக் கலவை பிரான்சில் அறிவிக்கப்பட்டது 1885 இல். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. 1889 அளவில் கோப்பி விளைச்சல் ஏறக்குறைய 50 இலட்சம் இறாத்தலாய்ச் சுருங்கியது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867 இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் அதனை நட்டிருந்தார். கோப்பி பறிப்பது பருவகால வேலை. அது முடிந்ததும் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டும். ஆகவே அவர்கள் குடும்பமாய் லயங்களிற் குடியமர்ந்தனர். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை மறுக்கப்பெற்ற மலையகத் தமிழர் பெரும்பாலும் அவர்தம் வழிவந்தோரே. கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தி, ஒரு மக்கட் கூட்டத்தின் இருப்பிடத்தையே மாற்றிற்று. தேயிலையும் தப்பவில்லை: 1946 இற் கொப்புள நோய் என்னும் வேறொரு பங்கசு நோய் இங்கு வந்து சேர்ந்தது.

போர்டோக் கலவை அறிவிக்கப்பட்ட அதே 1885 இல், ஜெர்மனியில் பிராங்க் என்பார் மரவேர்களோடு பின்னி வாழும் பங்கசுகளைக் குறித்து எழுதினார். அவ்வுறவுக்கு அவர் இட்ட பெயரின் பொருள் ‘பங்கசு வேர்’ என்பது. அதன் நுண்ணிழைகள், வேர் எட்டாத தூரத்துப் பொசுபரசைக் கொணர்ந்து கொடுக்கின்றன. செடி மாற்றாகச் சர்க்கரையை அளிக்கின்றது. வேர்த்தூவிகள் குறைந்த வெங்காயத்துக்கு இத்துணை பெரிதும் வேண்டப்படுவது. பொசுபேற்று உரத்தை அளவின்றி இட்டால் இவ்வுறவு தளர்ந்துவிடும்.

கற்பிட்டி மணலில் உழைப்போருக்கும் இவ்வரலாறு பயன்படும். ஒரே பயிரை ஆண்டுதோறும் ஒரே பாத்தியில் நடாது மாற்றி நடுதல், நோயுற்ற இலைகளையும் தாள்களையும் அகற்றுதல், இலை இரவெல்லாம் ஈரமாய் இராதவாறு காலையில் நீர் பாய்ச்சுதல், உரத்தை மண்ணின் தேவையறிந்து இடுதல் ஆகியன பெருஞ்செலவு வேண்டாதவை. வித்தி காற்றில் என்றும் வரும். அதனைத் தடுத்தல் அரிது. அதற்குப் பெருவிருந்து படைக்காதிருத்தல் உழவர் கையில் உள்ளது.