கொழும்பை வரைந்தவர்கள்

1846இல் அயர்லாந்து ஓவியர் அண்ட்ரூ நிக்கல் கொழும்பு அக்கடமிக்கு ஆசிரியராக வந்தார். நிலக்காட்சி ஓவியம் அவர் கற்பித்த பாடங்களில் ஒன்று. இன்றைய றோயல் கல்லூரியே அந்த அக்கடமி.

எனினும் அந்நூற்றாண்டின் தெரு வாழ்வை நெருங்கிப் பார்த்தவர் பறங்கியரான ஜே.எல்.கே. வான் டோர்ட் (1831–1898). மாட்டுவண்டிகளையும் தலையில் கூடை சுமந்த வியாபாரிகளையும் அவரவர் உடையோடும் நடையோடும் அவர் கோடுகளில் பிடித்தார். அவர் கேலிச்சித்திரம் வரைந்த ஆங்கில இதழுக்கு ‘முனியாண்டி’ என்று பெயர். தமிழர் பெயரொன்று அதற்குச் சூட்டப்பட்டது கவனிக்கத்தக்கது.

1920களில் பிரதம சித்திரப் பரிசோதகராக இருந்த சி.எஃப். வின்சர் ஐரோப்பாவின் புதிய ஓவியப் போக்குகளை இங்கு அறிமுகப்படுத்தினார். சித்திர ஆசிரியர் எஸ்.ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கலைக்கழகம் வின்சரின் பெயரையே தாங்கியது. 1943இல் லயனல் வென்ட்டின் முயற்சியால் கொழும்பில் ஓவியர்களின் ‘43 குழு’ உருவானது. அதில் ஒருவரான ஓப்ரி கொலெட் றோயல் கல்லூரியில் சித்திரம் கற்பித்தவர். பின்னர் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரராகப் புகழ்பெற்றார்.

1993 முதல் ‘கலா பொல’ சந்தை ஓவியங்களைத் தெருவுக்கே கொண்டுவந்தது.

ஆனால் இவர்கள் வரைந்த கொழும்பு மாறிவருகிறது. ஹெவ்லொக் டவுனில், வெள்ளவத்தை நூற்பு நெசவாலை நின்ற காணியில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. எஞ்சியுள்ள ஓட்டுக்கூரை வீடுகளையாவது மாணவர்கள் இப்போதே வரைந்து வைக்க வேண்டும்.