பார்க்காமலே வைத்தியம்

மொத்தம் 12,356 கடிதங்கள்.

1964-ம் வருடம், அமெரிக்காவில் இருந்த மனநல மருத்துவர்களுக்குப் போன கடிதங்கள் இவை. அனுப்பியது 'ஃபேக்ட்' என்கிற பத்திரிகை. கேள்வி ஒன்றே ஒன்றுதான். பேரி கோல்ட்வாட்டர் அமெரிக்க ஜனாதிபதியாக இருப்பதற்கு மனரீதியாகத் தகுதியானவர் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும், பரிசோதித்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை கிடையாது. டி.வி.யில் பார்த்திருந்தால் போதும். பேப்பரில் படித்திருந்தால் போதும். டாக்டர், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அவ்வளவுதான்.

கோல்ட்வாட்டர் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அரிசோனா மாநில செனட்டர். ஃபீனிக்ஸ் நகரத்தில் பெரிய துணிக்கடைக் குடும்பம். விமானம் ஓட்டுவார். விமானப்படை ரிசர்வில் மேஜர் ஜெனரல். அந்த வருடம் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். எதிரே நிற்பவர், கென்னடி கொல்லப்பட்டதும் பதவிக்கு வந்த லிண்டன் ஜான்சன்.

கோல்ட்வாட்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். அணுகுண்டைப் பற்றி, ஏதோ கூடுதல் சக்தியுள்ள பட்டாசு என்பதுபோலப் பேசுவார். நேட்டோ படைத்தலைவரே சிறிய ரக அணு ஆயுதங்களைப் பயன்படுத்த முடிவெடுக்கலாம் என்பது அவர் கட்சி. இன ஒதுக்கலை ஒழிக்க வந்த 1964-ம் வருட சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டவர். சுதந்திரத்தைக் காப்பதற்காகத் தீவிரவாதியாக இருப்பது ஒன்றும் பாவமில்லை என்று கட்சி மாநாட்டு மேடையிலேயே சொன்னவர். கியூபா ஏவுகணைச் சிக்கலில் உலகம் அணு ஆயுதப் போரின் வாசல்வரை போய்த் திரும்பி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஜனங்கள் பயந்ததில் தப்பே இல்லை.

'உங்கள் மனசுக்குத் தெரியும், அவர் சொல்வது சரி' என்று கோல்ட்வாட்டர் ஆட்கள் கோஷம் போட்டார்கள். 'உங்கள் வயிற்றுக்குத் தெரியும், அவர் ஒரு கிறுக்கு' என்று எதிர்த் தரப்பு பதில் கோஷம் போட்டது. இதெல்லாம் எல்லா ஊர்த் தேர்தலிலும் நடப்பதுதான். ஆனால், தெருமுனைக் கிண்டலுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கி அட்டையில் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தவர், ஃபேக்ட் பத்திரிகையை நடத்திய ரால்ஃப் கின்ஸ்பர்க்.

தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால், செப்டம்பர் - அக்டோபர் இதழ் வந்தது. கோல்ட்வாட்டர் ஜனாதிபதியாக இருக்க மனரீதியாகத் தகுதியற்றவர் என்று 1,189 மனநல மருத்துவர்கள் சொல்வதாக அட்டையிலேயே கொட்டை எழுத்தில் அறிவிப்பு.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் கணக்குச் சொன்னாலும் திரும்ப ஒரு தடவை கூட்டிப் பார்ப்பான். பார்க்கலாமா?

போன கடிதங்கள் 12,356. திரும்பி வந்த பதில்கள் 2,417. அதில் 571 பேர், இதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு அந்த மனிதரைத் தெரியாது என்று ஒதுங்கிவிட்டார்கள். 657 பேர், தகுதி உள்ளவர்தான் என்றார்கள். 1,189 பேர், தகுதி இல்லை என்றார்கள். அதாவது, பதில் போட்டவர்களிலேயே பாதிக்கும் ஒரு முடி குறைவு. கேட்கப்பட்டவர்களில் பார்த்தால் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பதிலே போடாத 9,939 பேர் என்ன நினைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எண்ணிக்கையை விடுங்கள். பதில்களில் என்ன இருந்தது? பலர் 'இல்லை' என்று ஒரு வார்த்தையோடு நிறுத்தவில்லை. சந்தேகப் பித்து என்றார்கள். மனச்சிதைவு என்றார்கள். ஹிட்லரோடும் ஸ்டாலினோடும் ஒப்பிட்டார்கள். தன் ஆண்மையைப் பற்றி உள்ளூர சந்தேகம் உள்ளவர், அதனால்தான் இப்படி விறைப்பாகத் திரிகிறார் என்கிற ரீதியிலும் போனது. எதிரே நோயாளி இல்லாமலே நோயின் பெயரை எழுதிவிட்டார்கள்.

அவர்கள் செய்த காரியத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. சைக்கோஅனலைஸ். நாமும் பக்கத்தில் ஒரு 'பண்ணு' சேர்த்துத் தாராளமாகப் புழங்குகிற வார்த்தைதான். 'என்னை சைக்கோஅனலைஸ் பண்ணாதே' என்று கணவனோ மனைவியோ எரிந்து விழாத வீடு குறைவு. இந்த வார்த்தை ஆஸ்பத்திரியில் பிறந்து தெருவுக்கு வந்த கதை சுவாரஸ்யமானது.

சைக்கி என்றால் கிரேக்க மொழியில் ஆன்மா. அனலைஸ் என்பதன் வேரில் அவிழ்ப்பது, பிரிப்பது என்று பொருள். ஆக, மனசின் முடிச்சை அவிழ்ப்பது. வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்ட் அப்படித்தான் ஆரம்பித்தார். நோயாளி தானாக வருவார். சோபாவில் படுப்பார். மனசில் தோன்றுவதையெல்லாம் சொல்வார். வாரத்தில் பல நாள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், மாதக்கணக்கில். டாக்டர் ஒன்று சொன்னால், இல்லை என்று மறுக்க நோயாளிக்கு வாய் உண்டு. சொன்னது எதுவும் அந்த அறைக்கு வெளியே போகாது. இலக்கணத்தில் சொன்னால், இந்த வினைச்சொல்லின் செயப்படுபொருள் ஒரு நோயாளி. அவர் சம்மதத்தோடு வந்து படுத்தவர்.

இதை அறைக்கு வெளியே எடுத்துப் போனால் என்ன ஆகும் என்று ஃபிராய்டுக்கே கவலை இருந்தது. 1910-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பெண்மணி. கணவரிடமிருந்து விவாகரத்து ஆனவர். மனப்பதற்றத்தோடு ஓர் இளம் டாக்டரிடம் போகிறார். அவரோ, உடல் சுகம் இல்லாததுதான் உன் பிரச்னை என்று முதல் சந்திப்பிலேயே தடாலடியாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பழகாமல், முழுசாகக் கேட்காமல், எடுத்த எடுப்பில் இப்படிப் போட்டு உடைப்பது வைத்தியமே இல்லை என்று கண்டித்தார் ஃபிராய்ட். அவர் அதற்கு வைத்த பெயர், காட்டுத்தனமான உளப்பகுப்பாய்வு.

சரி, ஊருக்கு உபதேசம் செய்தவர் தானாவது கையைக் கட்டிக்கொண்டு இருந்தாரா? அதுதான் இல்லை. அதே 1910-ல் லியோனார்டோ டாவின்சியைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். டாவின்சி செத்தது 1519-ல். கிட்டத்தட்ட நானூறு வருடம் முன்னால் செத்துப்போன மனிதரைச் சோபாவில் படுக்கவைத்தார் ஃபிராய்ட்.

டாவின்சி தன் குறிப்புகளில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். தொட்டிலில் கிடந்த காலத்தில் ஒரு பறவை வந்து, தன் வாலால் அவர் வாயைத் திறந்து உதட்டில் தட்டியதாக ஒரு நினைவு. அது கழுகு என்று எடுத்துக்கொண்டார் ஃபிராய்ட். பிணம் தின்னும் கழுகு. பண்டைய எகிப்தில் தாய்த் தெய்வத்துக்குக் கழுகு உருவம் உண்டு. கழுகில் ஆணே கிடையாது, எல்லாமே பெண் என்றும் ஒரு நம்பிக்கை. அப்பா இல்லாமல் அம்மா மடியில் வளர்ந்த டாவின்சியின் குழந்தைப் பருவத்தை இதோடு முடிச்சுப் போட்டு அழகான கோட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், டாவின்சி எழுதிய இத்தாலிய வார்த்தைக்குக் கழுகு என்று அர்த்தமில்லை. அது பருந்து. ஃபிராய்ட் நம்பிய ஜெர்மன் மொழிபெயர்ப்பில் வார்த்தை மாறிவிட்டது. 1923-ல் இங்கிலாந்தில் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டினார். எகிப்து, தாய்த் தெய்வம் எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டன. டாவின்சி உயிரோடு எதிரே படுத்திருந்தால், 'டாக்டர், நான் சொன்னது பருந்து' என்று ஒரே வரியில் முடித்திருப்பார். எதிரே ஆள் இருக்க வேண்டிய அவசியமே அதற்குத்தான்.

இந்த வார்த்தை அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. 1909-ல் ஃபிராய்டே அங்கு போய்ச் சொற்பொழிவுகள் நடத்திவிட்டு வந்தார். இரண்டாவது உலகப் போருக்கு அப்புறம் மனநல டாக்டரைப் பார்ப்பது வசதியான அமெரிக்கர்களுக்குச் சகஜமாகிவிட்டது. சினிமாவில் வந்தது. ஜோக்குகளில் வந்தது. கூடவே சைக்கலஜைஸ் என்று இன்னொரு வினைச்சொல்லும் புழக்கத்தில் இருந்தது. ஒருவர் செய்கிற காரியத்துக்கு அவர் மனசுக்குள்ளேயே காரணம் தேடுவது என்று அதற்குப் பொருள். பெரும்பாலும் இளக்காரமாகத்தான் சொல்வார்கள். காலப்போக்கில் இரண்டு சொற்களுக்கும் நடுவே இருந்த சுவர் இடிந்துவிட்டது. நோயாளி இருந்த இடத்தில் எதிராளி வந்து உட்கார்ந்துவிட்டான்.

அந்த இடத்துக்குத்தான் 1964-ல் கோல்ட்வாட்டர் வந்து சேர்ந்தார்.

தேர்தலில் படுதோல்வி. ஜான்சனுக்கு 486 தேர்வாளர் ஓட்டுகள், இவருக்கு 52. ஃபேக்ட் எழுதாமல் இருந்திருந்தாலும் தோற்றுத்தான் இருப்பார். ஆனால் மனிதர் விடவில்லை. பத்திரிகை மேல் அவதூறு வழக்குப் போட்டார். வழக்கு சுலபமில்லை. அதே 1964 மார்ச் மாதம்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. பொது வாழ்க்கையில் இருப்பவர் அவதூறு வழக்கில் ஜெயிக்க வேண்டுமென்றால், பொய் என்று தெரிந்தே எழுதினார்கள் அல்லது பொய்யா மெய்யா என்று கவலையே படாமல் எழுதினார்கள் என்று நிரூபிக்க வேண்டும்.

கோல்ட்வாட்டர் நிரூபித்தார். வந்த கடிதங்களில் கைவைத்து வெட்டியும் மாற்றியும் போட்டிருக்கிறார்கள் என்பது கோர்ட்டில் வெளியே வந்தது. 1968-ல் ஜூரிகள் தீர்ப்பு. நஷ்ட ஈடு ஒரு டாலர். தண்டனைத் தொகை 75,000 டாலர். காசு நஷ்டம் பெரிதாக இல்லை, ஆனால் நீங்கள் செய்தது அயோக்கியத்தனம் என்று அதற்கு அர்த்தம். மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 1970-ல் உச்ச நீதிமன்றம் அப்பீலை ஏற்க மறுத்தது. இரண்டு நீதிபதிகள் மட்டும், வேட்பாளரை விமர்சிக்கிற பத்திரிகைச் சுதந்திரம் என்னாவது என்று கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

இதற்குள் வேறொரு கூத்து. 1971-ல் டேனியல் எல்ஸ்பெர்க் என்பவர் வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அரசாங்கம் ஜனங்களிடம் பொய் சொன்னது அவற்றில் அம்பலமானது. நிக்ஸனின் வெள்ளை மாளிகை ஆட்கள் என்ன செய்தார்கள்? எல்ஸ்பெர்க்கின் மனசைப் பற்றி சி.ஐ.ஏ.விடம் ஓர் அறிக்கை எழுதி வாங்கினார்கள். அது போதவில்லை. செப்டம்பர் மாதம் ஒரு ராத்திரி, எல்ஸ்பெர்க்குக்கு வைத்தியம் பார்த்த மனநல டாக்டரின் அலுவலகத்தையே உடைத்துப் புகுந்து ஃபைலைத் தேடினார்கள். ஆவணங்களில் இருப்பது உண்மையா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் கிடையாது. கொடுத்தவனுக்கு மனசு சரியில்லை என்று காட்டிவிட்டால் பதிலே சொல்ல வேண்டாம், இல்லையா? கடைசியில் அந்தத் திருட்டு வெளிப்பட்டு, மற்ற தில்லுமுல்லுகளும் சேர்ந்து, 1973 மே மாதம் எல்ஸ்பெர்க் மேல் போட்ட வழக்கே தள்ளுபடியானது.

அதே 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு விதி போட்டது. நீங்களே பரிசோதித்திருக்க வேண்டும். வெளியே சொல்ல முறையான அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பொது வாழ்க்கையில் இருப்பவர் மனநிலை பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது. கோல்ட்வாட்டர் விதி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

தூரத்திலிருந்து பார்த்துச் சொல்வது எப்போதும் தப்பாகத்தான் போகும் என்றும் சொல்ல முடியாது. 1943-ல் அமெரிக்க உளவுத்துறைக்காக வால்டர் லாங்கர் என்கிற உளப்பகுப்பாய்வாளர் ஹிட்லரைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். ஹிட்லரோடு பழகியவர்களை விசாரித்து எழுதியது. தோல்வி நெருங்கினால் தற்கொலை செய்துகொள்ளத்தான் வாய்ப்பு அதிகம் என்று கணித்திருந்தார். 1945 ஏப்ரல் 30 அன்று அதுதான் நடந்தது. ஆனால் அது, எதிரி அடுத்து என்ன செய்வான் என்று தெரிந்துகொள்ள எழுதிய ரகசிய அறிக்கை. 1972 வரை புத்தகமாக வரவில்லை. யார் வாயையும் அடைக்க எழுதியதல்ல.

விவாதம் இன்னும் ஓயவில்லை. 2017 மார்ச்சில் மருத்துவர் சங்கம் இந்த விதியை மேலும் இறுக்கியது. அதே வருடம் அக்டோபரில், ஆபத்து கண்ணுக்குத் தெரியும்போது எச்சரிப்பதும் எங்கள் கடமைதான் என்று 27 நிபுணர்கள் சேர்ந்து டொனால்ட் டிரம்ப்பின் மனநிலை பற்றி ஒரு புத்தகமே போட்டார்கள்.

கோல்ட்வாட்டர் கதையில் இன்னொரு அத்தியாயம் பாக்கி இருக்கிறது. 1974 ஆகஸ்ட் 7. வாட்டர்கேட் ஊழலில் நிக்ஸன் கழுத்துவரை மூழ்கியிருக்கிறார். பதவியை விட்டு இறங்க மனமில்லை. அன்றைக்குக் குடியரசுக் கட்சிப் பெரியவர்கள் மூன்று பேர் வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் உங்களைக் காப்பாற்றப் போதுமான ஓட்டு இல்லை என்று சொந்தக் கட்சி ஜனாதிபதியின் முகத்துக்கு நேரே நிலைமையைச் சொன்னார்கள். மறுநாள் ராஜினாமா அறிவிப்பு வந்தது. போன மூவரில் ஒருவர், மறுபடி செனட்டராகியிருந்த பேரி கோல்ட்வாட்டர்.

இதனால் 1964-ல் அவர் ஜெயித்திருந்தால் நல்ல ஜனாதிபதியாக இருந்திருப்பார் என்று ஆகிவிடாது. அணுகுண்டைப் பற்றி அவர் பேசியது பேசியதுதான். சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராகப் போட்ட ஓட்டும் அப்படியே பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஓட்டு ஏன் தப்பு என்று ஃபேக்ட் இதழ் முழுக்க எழுதியிருக்கலாம். யாரும் கேஸ் போட்டிருக்க முடியாது. அதைவிட்டு, ஓட்டுப் போட்டவரின் ஆண்மைக்குள் போய்த் தேடினார்கள்.

1973-ல் வந்த விதி டாக்டர்களைத்தான் கட்டும். பத்திரிகைக்காரனுக்கும், டீக்கடையில் அரசியல் பேசுகிறவருக்கும், வீட்டில் சண்டை போடுகிறவர்களுக்கும் அப்படி எந்த விதியும் இல்லை. அடுத்த தடவை யாராவது ஒன்று சொல்லி, 'இவன் ஏன் இப்படிப் பேசுகிறான் தெரியுமா?' என்று ஆரம்பிக்க உங்களுக்கு நாக்கு துறுதுறுத்தால், அவர் சொன்னது சரியா தப்பா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.