நாற்காலியை விட்டு எழாத துப்பறிவாளர்கள்

துப்பறியும் கதை என்றாலே ஓட்டமும் துரத்தலும்தான் நம்ம பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும். உட்கார்ந்த இடத்திலேயே யோசித்துக் குற்றத்தைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு.

இவ்வகைக்கு வழிகாட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ. 1841-இல் நியூயார்க்கில் சுருட்டுக் கடையில் வேலை செய்த மேரி ரோஜர்ஸ் என்ற இளம்பெண் ஹட்சன் ஆற்றில் பிணமாகக் கிடந்தாள். போலீசுக்கு ஒன்றும் அகப்படவில்லை. போ அந்தச் சம்பவத்தைப் பாரிஸ் நகருக்கு மாற்றி, 1842-இல் கதையாக்கினார். அதில் வரும் டூப்பின், பத்திரிகைச் செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே துப்புத் துலக்குகிறார். நிஜ வழக்குக்கே வழி காட்டிவிட்டதாகப் போ சொல்லிக்கொண்டார். ஆனால் கதை வந்துகொண்டிருந்தபோதே வழக்கில் புதுத் தகவல் வெளியானது. 1845-இல் புத்தகமாகும்போது சில இடங்களை அவரே திருத்த வேண்டியதாயிற்று. பாவம், அந்தப் பெண் எப்படிச் செத்தாள் என்பது இன்றுவரை முடிவாகத் தெரியவில்லை. நாற்காலிக்கு எட்டாததும் உண்டுதானே!

1901-இல் ஆர்சி சீமாட்டி எழுதிய கிழவர், லண்டன் தேநீர்க் கடையில் கயிற்றில் முடிச்சுப் போட்டபடியே கொலைகளை அவிழ்த்தார்.

எனக்குப் பிடித்தவர் 1927-இல் அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்பிள். நண்பர்கள் கூடி ஆளுக்கொரு மர்மம் சொல்வார்கள். ஓய்வுபெற்ற பெரிய போலீஸ் அதிகாரியும் அங்கே இருப்பார். மூலையில் கம்பளி பின்னும் கிழவியை யாரும் சட்டை செய்வதில்லை. முதல் கதையில் ‘நூறும் ஆயிரமும்’ என்றொரு சொல் வரும். எல்லாரும் பணம் என்றே நினைத்தார்கள். அது பலகாரத்தின்மேல் தூவும் வண்ணச் சர்க்கரை என்று சமையல் தெரிந்த அந்தக் கிழவிக்குத்தான் புரிந்தது. விஷம் அதில்தான் இருந்தது.