சென்னை நேரம் முதல் 'ஏசியா/கொல்கத்தா' வரை: கணினி நேர வலயப் பெயர்களும் வரலாற்று ஆவணங்களும்

ஆய்வுச்சுருக்கம்

நேர வலயங்களைக் கணினி அமைப்புகள் வெவ்வேறு பெயர்களால் குறிக்கின்றன. ஒரு பெயரை மற்றொன்றாக மாற்றும்போது இன்றைய நேரம் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. பழைய ஆவணங்களின் நேரமே பிழைபடுகிறது. இதன் காரணத்தைத் தமிழகம், இலங்கை ஆகியவற்றின் நேர வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சென்னை நேரம், இந்திய நிலை நேரம், நேர வலயம், ஆவண எண்மயமாக்கம்

முன்னுரை

கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை இயங்கியது. அதே மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றியது. இவ்விரண்டு ஊர்களின் ஆவணங்களையும் கணினியில் ஏற்றும்போது ஒரே நேர வலயப் பெயரே இடப்படுகிறது. நெய்வேலி நிறுவனத்தின் ஆவணங்களுக்கு அப்பெயர் பொருந்தும். நெல்லிக்குப்பத்தின் பழைய ஆவணங்களுக்கு அவ்வாறு பொருந்துவதில்லை.

நேர முறைகளின் வரலாறு

சென்னை வானாய்வுக்கூடத்தின் வானியலர் ஜான் கோல்டிங்காம் 1802இல் சென்னையின் நெடுங்கோட்டைக் கணித்தார். அதன்படி சென்னை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னதாகும். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்வேக்கள் இந்நேரத்தைக் கைக்கொண்டன. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்ட இந்திய நிலை நேரம் (5 மணி 30 நிமிடம்) நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, கடிகாரங்கள் மேலும் ஒரு மணி முன்னே வைக்கப்பட்டன.

இரு பெயரிடு முறைகள்

ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய நேர வலயத் தரவுத்தளம் ஒவ்வொரு வலயத்தையும் ஒரு நகரத்தின் பெயரால் குறிக்கிறது. 1970க்குப் பின் ஒரே நேரத்தைப் பின்பற்றிய இடங்கள் ஒரு வலயமாகக் கொள்ளப்படுகின்றன. இதனால் இந்தியா முழுமைக்கும் 'ஏசியா/கொல்கத்தா' என்ற ஒரே பெயர் அமைந்தது. சென்னைக்குத் தனிப்பெயர் இல்லை. எனினும் அப்பெயரின் கீழ் 1870 முதல் 1905 வரை பதிவாகியிருப்பது சென்னை நேரமே. முந்தைய பெயரான 'ஏசியா/கல்கத்தா' மாற்றுப்பெயராக நீடிக்கிறது. யூனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவுத்தொகுப்போ அதனையே முதன்மைப் பெயராகக் கொள்கிறது. எனவே இரு பெயர்களையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருள் ஒரே வலயத்தை இரண்டாகக் கருத நேர்கிறது.

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் இவ்வலயத்தை 'இந்தியா ஸ்டாண்டர்டு டைம்' என்கிறது. இப்பெயர் எல்லா ஆண்டுகளுக்கும் 5 மணி 30 நிமிடத்தையே தருகிறது. இதன் சுருக்கமான 'ஐஎஸ்டி' இஸ்ரேல், அயர்லாந்து ஆகியவற்றின் நேரங்களையும் குறிக்கும். ஜாவா மொழி அதனை இந்தியா எனவும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாக இஸ்ரேல் எனவும் கொள்கின்றன. வேறுபாடு மூன்றரை மணி.

மாற்றத்தில் நேரும் இழப்பு

1943இல் காலை 6 மணிக்குப் பிறந்த ஒருவரின் பதிவை எடுத்துக்கொள்வோம். ஓல்சன் முறையில் அது கிரீன்விச்சில் முந்தைய நாள் இரவு 11.30, விண்டோஸ் முறையில் அன்றே நள்ளிரவு 12.30. ஒரு மணி மட்டுமன்றித் தேதியும் வேறுபடுகிறது. சாதகம் கணிப்போருக்கு இது இலக்கினமே மாறக்கூடிய வேறுபாடு. 1900ஆம் ஆண்டின் சென்னை நேரப் பதிவாயின் வேறுபாடு ஏறத்தாழ 9 நிமிடம்.

இலங்கையின் நிலை வேறு. அந்நாடு 1996 மே மாதம் 6 மணி 30 நிமிடத்திற்கும், அக்டோபரில் 6 மணிக்கும் மாறி, 2006 ஏப்ரலில் 5 மணி 30 நிமிடத்திற்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இம்மாற்றங்களை ஏற்கவில்லை. 'ஏசியா/கொழும்பு' என்ற ஒற்றைப் பெயர் கொழும்பின் கடிகாரத்தையே சொல்லும். வன்னியின் கடிகாரத்தைச் சொல்லாது. ஆகவே அக்காலத்து வன்னி ஆவணத்திற்கு அப்பெயரை இடுவது, அங்கு நடப்பில் இல்லாத நேரத்தை அதற்கு ஏற்றுவதாகும்.

முடிவுரை

நேர வலயப் பெயர் என்பது வெறும் அடையாளக்குறியன்று. ஒரு குறிப்பிட்ட நேர வரலாற்றின் சுருக்கம். ஒரு பெயரிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகையில் அவ்வரலாறு கைவிடப்படலாம். ஆதலின் ஆவணங்களை எண்மயமாக்குவோர் மூலத்தில் கண்ட நேரத்தை அவ்வாறே காத்து, ஊர்ப்பெயரையும், அக்காலத்துக் கிரீன்விச் வேறுபாட்டையும் தனித்தனியே பதிதல் வேண்டும். மாற்றிய நேரம் மூலத்தின் இடத்தைக் கொள்ளலாகாது.