கருமணல் இல்மனைட் ஆன கதை

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பிரதேசத்தின் கடலோரத்தில் இன்று எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத பிறமொழிச் சொல் ஒன்று உண்டு: இல்மனைட். அண்மை ஆண்டுகளில் கதிரவெளி மக்களும் அயற் கிராமத்தவரும் வீதிக்கு இறங்கி எதிர்த்தது இல்மனைட் அகழ்வைத்தான். பள்ளிக்கூடத்தில் படித்து வந்த சொல்லல்ல இது. தங்கள் மணலை யாரோ அள்ளப்போகிறார்கள் என்ற செய்தியோடு வந்த சொல். காலுக்கடியில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த பொருளுக்கு, கேட்டறியாத இடத்தின் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? அதைத் தேடிப்போனால் ஐரோப்பியர் இந்தக் கரைகளுக்கு எதற்கு வந்தார்கள், பிறகு எதற்கு இருந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கிறது.

முதலில் பொருள். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். சாதாரண வெள்ளை மணலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பாரமானது. வாடைக் காலத்து அலைகள் கரையை அரிக்கும்போது இலேசான மணலை இழுத்துப் போய்விடுகின்றன. பாரமானது கரையிலேயே தங்கி, கறுப்புப் பட்டையாகப் படிகிறது. கண்ணால் கண்டதைச் சொல்லும் தமிழ் அதைக் கருமணல் என்றது.

இல்மனைட் என்ற பெயரோ மலையிலிருந்து வந்தது. ரஷ்யாவில் உரால் மலைத்தொடரின் தெற்கே, மியாஸ் நகருக்கு அருகில் இல்மன் மலைகள் இருக்கின்றன. அங்கே கிடைத்த கறுப்புக் கனியத்துக்கு 1827இல் அடொல்ஃப் குப்ஃபர் என்ற அறிஞர் மலையின் பெயரையே இட்டார். அந்த மலைநாடும் ஒரு காலத்தில் பாஷ்கிர் மக்களுடையது. ரஷ்யப் பேரரசு அதை உள்வாங்கியபின், 1773இல் மியாஸில் செம்பு உருக்கும் ஆலை நிறுவப்பட்டது. ஆக, நம் கரைக்கு வந்த பெயரே இன்னொரு பேரரசின் சுரங்க எல்லையில் பிறந்ததுதான்.

இதற்கும் முன் இதே பொருளுக்கு வேறொரு பெயர் இருந்தது. 1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் வில்லியம் கிரகர் என்ற பாதிரியார், மனாக்கன் என்ற சிற்றூரின் ஓடையில் வெடிமருந்துத் தூள் போலிருந்த கறுப்பு மணலை ஆராய்ந்தார். அதில் அதுவரை அறியப்படாத உலோகம் ஒன்று இருப்பதைக் கண்டு, ஊரின் பெயரால் அந்த மணலுக்கு மெனக்கனைட் என்று பெயரிட்டார். நான்கு ஆண்டு கழித்து, 1795இல், பெர்லினின் புகழ்பெற்ற வேதியியலாளர் கிளாப்ரொத் அதே உலோகத்தை வேறு கனியத்தில் தனியாகக் கண்டுபிடித்து, கிரேக்கப் புராணத்தின் டைட்டன்கள் பெயரால் டைட்டேனியம் என்றார். நாட்டுப்புறப் பாதிரியாரின் சொல் தோற்றது. தலைநகரப் பேராசிரியரின் சொல் நின்றது. பெயர் இழப்பது அடிமை நாட்டு ஊர்களுக்கு மட்டும் நேர்ந்த விதி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே மனாக்கனை இங்கே சொல்கிறேன்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கனியங்களின் உலகப் பெயர்ப் பட்டியலில் தமிழும் சிங்களமும் இல்லாமலில்லை. மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கல்லினத்தை அறிவியல் கொரண்டம் என்கிறது. அது நம் குருந்தம். 1798இல் சார்ள்ஸ் கிரெவில் இலண்டனில் அக்கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது, இந்தியாவிலிருந்து போன கல்லோடு அங்கத்தைப் பெயரையும் ஏற்றுக்கொண்டார். டூர்மலின் என்ற கல்லின் பெயர் சிங்களத்தின் ‘தோரமல்லி’. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்த வணிகர் இலங்கையிலிருந்து கல்லை ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோனார்கள். சொல்லும் கூடவே கப்பலேறியது. கட்டுமரமும் கயிறும் ஆங்கிலத்தில் ஏறியது அதே வழியில். மட்டக்களப்பு என்ற பெயரையும் ஐரோப்பியர் வாய்க்கு வந்தபடி பட்டிக்கலோ ஆக்கினார்கள், ஆனாலும் மாற்றுப் பெயர் வைக்கவில்லை. 1602இல் ஒல்லாந்தக் கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன் இந்தக் கரையில் இறங்கிக் கண்டி மன்னனைக் காணப் போனான். அவன் தேடியது வாசனைச் சரக்கு வியாபாரம்.

வியாபாரிக்கு ஊர்ப் பெயரும் சரக்குப் பெயரும் வேண்டும். இன்ன நாட்டுக் கறுவா, இன்ன கரை முத்து என்று சொன்னால்தான் விலை. அதனால் அவன் கொள்ளையடித்த போதும் பெயரைக் காப்பாற்றி வைத்தான். தொழிற்சாலைக்காரனின் கணக்கு வேறு. அவனுக்கு வேண்டியது மணலில் எத்தனை வீதம் டைட்டேனியம் ஒட்சைட், கப்பலில் ஏற்ற ஒரு தொன்னுக்கு என்ன செலவு என்பதே. கோர்ன்வாலில் எடுத்தாலும் கதிரவெளியில் எடுத்தாலும் ஆலைக்குள் போனால் ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டில் பேரரசின் நோக்கம் சரக்கிலிருந்து மூலப்பொருளுக்கு மாறியது. மாறியபோது பெயர்களும் மாறின. 1902இல் ஆங்கிலேய எழுத்தாளர் ஹொப்சன் ஏகாதிபத்தியம் பற்றி நூல் எழுதி, உள்நாட்டில் முதலிட இடமில்லாத பணமே வெளிநாடுகளைத் தேடிப் பிடிக்கிறது என்று வாதிட்டார். நாகரிகம், மதம், தேசப் பெருமை எல்லாம் பேச்சில் முன்னுக்கு நின்றன. கணக்கேட்டில் முன்னுக்கு நின்றது முதலீடும் மூலப்பொருளும்.

இந்த மாற்றத்தை இலங்கைக் கற்கள் இரண்டு நன்றாகக் காட்டுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் கனிய ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. பின்னாளில் கலை வரலாற்றறிஞராகப் புகழ் பெற்றவர் அவரேதான். இங்கே கிடைத்த புதிய கல்லொன்றுக்கு அவரும் பிரையர் என்ற கனியவியலாளரும் செரண்டிபைட் என்று பெயரிட்டார்கள். அராபியர் இத்தீவுக்கு வழங்கிய செரண்டீப் என்ற பெயர் அதில் இருக்கிறது. அக்கல்லால் எந்தத் தொழிற்சாலைக்கும் பயனில்லை. அதே காலத்தில், 1904இல், சப்பிரகமுவப் பக்கம் கிடைத்த பாரமான கறுப்புக் கனியம் தோரியம் நிறைந்தது. விளக்குத் தொழிலுக்கு உடனே தேவைப்பட்டது. அதன் பெயர் தோரியனைட். தோரியமோ வட ஐரோப்பிய இடிக் கடவுள் தோரின் பெயர். ஆலைக்கு வேண்டாத கல்லில் இலங்கையின் பெயர் நின்றது. வேண்டிய கல்லில் வேற்றுத் தெய்வத்தின் பெயர் ஏறியது.

அந்த விளக்குத் தொழில் என்ன? ஆஸ்திரியாவின் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1880களில் வாயு விளக்குக்கு மேண்டில் என்னும் ஒரு வலையுறை கண்டுபிடித்தார். 1891இல் தோரியத்தோடு சிறிது சீரியம் கலந்து அதைச் செம்மைப்படுத்தினார். ஐரோப்பிய நகரத் தெருக்களும் தொழிற்சாலைகளும் வெண்மையாக ஒளிர்ந்தன. வேலைநாள் இரவுக்குள் இன்னும் நீண்டது. தோரியத்துக்கு மூலம் மோனசைட் என்னும் மணல். அந்தப் பெயருக்கும் கிரேக்கத்தில் ‘தனித்திருப்பது’ என்ற பொருள். அதையும் முதலில் விவரித்தது அதே இல்மன் மலைக் கற்களைக் கொண்டுதான். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜேர்மன் வேதியியலாளர், தென்னிந்தியாவின் திருவிதாங்கூரிலிருந்து போன தும்புக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். தன் பெயரோடு உலகம் போன கயிறு, பெயரில்லாத மணலைக் காட்டிக்கொடுத்தது. அந்தக் கரையின் மணவாளக்குறிச்சியில் அகழ்வு தொடங்கியது. முதல் உலகப் போர் வந்ததும் ஷோம்பெர்க் கைதானார். தொழில் பிரித்தானியர் கைக்குப் போனது.

ஏற்றுமதியான மணலின் ஒளி நம் ஊர்களுக்கும் திரும்பி வந்தது, புதுப்பெயரோடும் விலையோடும். கோயில் திருவிழாவிலும் கூத்துக் களரியிலும் கலியாண வீட்டிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ், பெர்லின் உற்பத்தியாளர் மாக்ஸ் கிரேட்ஸின் பெயரையும் பெட்ரோலியத்தையும் சேர்த்துக் கட்டிய சொல். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணியும் செந்திலும் சிரிக்க வைத்த அந்த மேண்டிலுக்குள் இருந்தது தோரியம்.

இல்மனைட்டுக்கோ இதைவிடப் பெரிய சந்தை பின்னர் வந்தது. ஐரோப்பா அதுவரை வெள்ளை வர்ணத்துக்கு ஈயத்தையே நம்பியிருந்தது. ஈயவெள்ளை ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் நஞ்சேறிச் செத்தார்கள். 1898இல் பிரித்தானியா அந்த ஆலைகளின் ஆபத்தான வேலைகளிலிருந்து பெண்களை விலக்கியது. 1921இல் சர்வதேசத் தொழில் அமைப்பு ஈயவெள்ளை வர்ணப் பூச்சுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர உடன்படிக்கை செய்தது. இதற்கிடையில், 1916இல், நோர்வேயிலும் அமெரிக்காவிலும் இல்மனைட்டிலிருந்து டைட்டேனியம் வெள்ளை வர்த்தக அளவில் உற்பத்தியானது. 1922இல் திருவிதாங்கூரிலிருந்து இல்மனைட் ஏற்றுமதி தொடங்கி, விரைவிலேயே உலகச் சந்தையின் பெரும்பங்கைப் பிடித்தது. மேற்கு நாட்டுத் தொழிலாளிக்கு நஞ்சு குறைந்தது உண்மை, அது நல்லதுதான். ஆனால் அந்த நன்மையின் செலவில் ஒரு பங்கு எந்தக் கடற்கரையின் கணக்கில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் மணலுக்கு முன்பே நிலத்தின் பெயர் மாறியிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மறுத்து நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது என்றது. கோப்பித் தோட்டத்துக்காக அக்காலத்தில் முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. ‘வெற்று நிலம்’ என்ற அந்தச் சட்டச் சொல்லை எடுத்துக்கொண்டு வாகரைக் கரையோரம் நடந்து பாருங்கள். பால்சேனை: காடு வெட்டிப் பயிர் செய்து, ஆறப்போட்டுத் திரும்பிவரும் சேனை. பனிச்சங்கேணி, மாங்கேணி, காயாங்கேணி: மணலில் தோண்டி நன்னீர் எடுத்த கேணிகள். ஊரியன்கட்டு: நீரை மறித்த கட்டு. அம்பந்தனாவெளி, கதிரவெளி: வெளி என்றால் திறந்த நிலம், மாடு மேயும் நிலம், வயல்வெளி. ஒவ்வொரு பெயரும் ஒரு பயன்பாட்டின் பதிவு. சட்டம் வெறுமை கண்ட இடத்தில் ஊர்ப்பெயர் வேலையைக் காண்கிறது. கதிரவெளியில் பெருங்கற்காலக் கற்பேழை ஈமக் களமும் இருக்கிறது. இறந்தவரைக் கல் அடுக்கிப் புதைத்த மக்கள் வெற்று நிலத்தில் வாழவில்லை. கடலையும் சேனையையும் நம்பிய கரையோர வேடர் குடும்பங்கள் இன்றும் இப்பகுதியில் உண்டு.

சுதந்திரத்துக்குப் பின் ஆள் மாறியது, சொல்லும் மாறியது, பொருள் மாறவில்லை. முடிக்குரிய காணி அரச காணி ஆனது. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைந்து, திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் அகழ்வு வேரூன்றியது. அங்கத்தைப் படிவில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைட். உலகின் செறிவான படிவுகளில் ஒன்று. 1992இல் கூட்டுத்தாபனம் அரச கம்பனியானது. அதே ஆண்டின் சுரங்கச் சட்டம் கனியங்களின் உரிமையைக் குடியரசுக்கு ஆக்கியது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டையில் இல்மனைட் ஏற்றிய கப்பலொன்று யுத்தத்தில் தாக்குண்டது. போர் முடிந்தபின் தேவை கூடி, பார்வை தெற்கே வெருகலைத் தாண்டி வாகரைக் கரைக்கும் வந்தது.

அகழ்வை ஆதரிப்போரிடமும் நியாயம் இல்லாமலில்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். இளைஞருக்கு வேலை வேண்டும். ஆனால் இலங்கை இன்னும் இல்மனைட்டை மணலாகவே விற்கிறது. வெள்ளை வர்ணத்தைத் தூளாக வாங்குகிறது. திருவிதாங்கூர் 1922இல் நின்ற இடம் இதுவே. மண்ணைக் கொடுத்து மாவை வாங்கும் இந்த உறவைத்தான் ஏகாதிபத்தியம் கட்டிவைத்தது. கொடி இறங்கியதால் மட்டும் அது இறங்கிவிடாது. கதிரவெளிக்காரரின் கேள்வியோ இன்னும் எளியது. 2004இல் சுனாமி பார்த்த கரை இது. மணல்மேடு குறைந்தால் கடல் எங்கே நிற்கும்? மணலுக்குள் மிதக்கும் நன்னீரில் உப்பு ஏறினால் கிணற்றுக்கு எங்கே போவது? கரைவலை இழுக்கும் இடம் வேலிக்குள் போனால் தொழிலுக்கு எங்கே போவது?

பெயர் தந்த மலைக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏகாதிபத்தியம் பற்றி நூல் எழுதிய இன்னொருவரான லெனின், 1920 மே மாதம் ஒரு ஆணையில் கையெழுத்திட்டு இல்மன் மலைகளை, அவற்றின் கனிய வளத்துக்காகவே, பாதுகாக்கப்பட்ட ஒதுக்கிடமாக்கினார். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் நடந்த காலம் அது. இல்மனைட்டுக்குப் பெயர் தந்த மலைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுரங்கத் தொழிலுக்கு மூடப்பட்டிருக்கின்றன. பெயரை மட்டும் வாங்கிய கரைகளுக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை.

ஆகவே வாசகருக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கையில் இத்தனை ஹெக்டேயர், இத்தனை வீதம் இல்மனைட் என்று எழுதுவது போதாது. எந்தக் கேணி, எந்தச் சேனை, எந்த வலைப்பாடு, எந்த வெளி என்று ஊரார் சொல்லும் பெயர்களையும், ஊரார் படிக்கக்கூடிய தமிழில், வரைபடத்தில் குறித்து எழுதுங்கள். பெயர் எழுதப்பட்ட நிலத்தை வெற்று நிலம் என்று சொல்வது கடினம். அந்தப் பெயர்களை எழுதாமல் கொடுக்கும் எந்த அனுமதிப்பத்திரமும் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் மறுபதிப்பே.