தனிக்குடித்தனம்

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குள் ஒரு வழக்கு வெகு நாளாக நடந்து வருகிறது. வெளியிலிருந்து இறக்கிக்கொள்ளும் மென்பொருள் பொட்டலங்களை மெஷின் முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொண்டால் போதாதா? எழுதும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி அறை வேண்டுமா? நான் கதை எழுதுகிறவன். இருந்தாலும் பொதுச் சமையல், தனிச் சமையல் என்று பேச்சு வந்துவிட்டால் காது தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.

பைதான் என்ற மொழியில் இந்தத் தகராறு அதிகம். காரணம் அதன் அலமாரி. ஒரு பெயருக்கு ஒரு டப்பாதான் அதில் வைக்கலாம். தம்பி புதுப் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால், அண்ணன் வைத்திருந்த பழையது குப்பைக்குப் போய்விடும். அண்ணனுக்கு விஷயம் தெரிவது அவன் சமையல் கெட்ட பிறகுதான். இதையாவது பொறுக்கலாம். லினக்ஸ் மெஷின்கள் பலவற்றில் வீட்டு எஜமானரே அதே அலமாரியை நம்பிச் சாப்பிடுகிறவர்! ஃபெடோராவில் பொட்டலங்களை இறக்கி வைத்துவந்த 'யம்' என்ற கருவியே பைதானில் எழுதப்பட்டதுதான். அலமாரியைக் கலைத்தால், அதைச் சரிசெய்ய வேண்டிய ஆளே படுத்துவிடுவார்.

2007-இல் இயன் பிக்கிங் என்பவர் 'வர்ச்சுவல்என்வ்' என்ற கருவியை எழுதினார். தனி டைரக்டரி, அதற்குள் தனி அலமாரி, அவ்வளவுதான் வித்தை. மறு வருஷம், பொட்டலம் இறக்கும் 'பிப்'பையும் அவரே எழுதினார். முதலில் அறை, பிறகுதான் சாமான், விவரமான மனுஷர். 2012-இல் வந்த பைதான் 3.3, தனி அறை கட்டும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே சாமான் பத்து அறைகளில் பத்துத் தடவை இடத்தை அடைக்கிறது. நேற்றுப் படிக்க வந்த பையன், கணக்குப் போடுமுன் கதவு திறக்கக் கற்க வேண்டியிருக்கிறது. பைதானோடு கூடவே வருவதை மட்டும் வைத்துப் பத்து வரி எழுதுகிறவனுக்கு அறை வேண்டாம் என்றே நானும் சொல்வேன். வெளிச் சாமான் ஒன்று வந்துவிட்டாலோ, என் ஓட்டு தனிக்குடித்தனத்துக்குத்தான்.

2023-இல் வெளிவந்த டெபியன் 12-இல், பொது அலமாரியில் வைக்கச் சொன்னால் பிப் மறுத்துவிடும். மீறித்தான் செய்வேன் என்பவர், 'சிஸ்டத்தின் பொட்டலங்களை உடை' என்று பொருள்படும் வார்த்தைகளைத் தம் கையாலேயே டைப் அடிக்க வேண்டும். இப்படி ஒரு வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று தோன்றியதே, அந்த மூளையை மெச்சத்தான் வேண்டும்.

தனி அறைக்குப் போனாலும் சண்டை தீர்ந்துவிடுவதில்லை. அதற்குள்ளேயே இரண்டு பொட்டலங்கள், மூன்றாவது ஒன்றின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்கும். முன்பெல்லாம் பிப் ஏதோ ஒன்றை வைத்துவிட்டு முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்ளும். 2020-இல் வந்த அதன் 20.3-ஆம் பதிப்பு முதல், இரண்டையும் சேர்த்துக் கேட்டால், ஒத்துப்போகாது என்று சொல்லி இறக்கவே மறுத்துவிடுகிறது.