கலைமான் வந்த வழி

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் வாழ்த்து அட்டைகள் அணிவகுக்கின்றன. அவற்றுள் குழந்தைகளின் கண்கள் முதலில் தேடுவது, கிளைத்த கொம்புகளோடு பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு விண்ணில் பாயும் கலைமான்களைத்தான். ரெயின்டீர் எனப்படும் இந்தத் துருவக் கலைமானுக்கும் பெத்லகேமுக்கும் என்ன உறவு? யூதேயாவின் குன்றுகளில் அது மேய்ந்ததில்லை. இடையர்களின் மந்தையிலும் ஞானிகளின் பயணத்திலும் அதற்கு இடமில்லை. வேற்றுச் சமயக் கதையொன்று நம் பெருவிழாவினுள் நுழைந்துவிட்டதே என வருந்துவோரும் உண்டு. அந்த வருத்தம் சரியானதுதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

முதலில் ஓர் உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும். நம் குடில்களில் படுத்திருக்கும் மாடும் கழுதையும்கூட லூக்கா நற்செய்தியின் பிறப்பு நிகழ்ச்சியில் குறிப்பிடப்படவில்லை. எசாயா இறைவாக்கு நூலின் முதல் அதிகாரத்தைத் தியானித்த திருச்சபையே அவற்றை மீட்பரின் தீவனத் தொட்டி அருகே நிறுத்தியது. 1223-ஆம் ஆண்டு, இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில், அசிசி நகர் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திப் பிறப்பு விழாவைக் கொண்டாடினார். ஏறக்குறைய 600 ஆண்டுகள் கழித்து, கலைமான் வேறொரு வாயில் வழியே வந்தது. அது அச்சகத்தின் வாயில்.

ஆயரின் குதிரை

நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மிரா நகரின் ஆயராக விளங்கியவர் புனித நிக்கோலாஸ். வரதட்சணைக்கு வழியின்றித் தவித்த ஏழைத் தந்தையின் மூன்று பெண்மக்களுக்காக, இரவில் யாரும் அறியாமல் பொன்முடிப்புகளை அவர்தம் வீட்டினுள் எறிந்தார் என்பது மரபு. 1087-இல் அவருடைய திருப்பண்டங்கள் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டபின், அவர்மீதான பக்தி ஐரோப்பாவில் மேலும் பரவியது. டச்சு மக்களின் வழக்கில் அவர் ஆயருக்குரிய தலைச்சீராவும் செங்கோலும் தாங்கி, வெண்குதிரை ஏறிக் குழந்தைகளைக் காண வருகிறார். அவர்கள் அவரை அழைத்த 'சிண்டர்கிளாஸ்' என்னும் பெயரே, ஒரு காலத்தில் டச்சுக் குடியேற்றமாக இருந்த நியூயார்க்கில் 'சாண்டா கிளாஸ்' ஆயிற்று.

அந்நகரில் 1821-இல் வில்லியம் கில்லி என்பவர் வெளியிட்ட சிறுவர் படநூல் ஒன்றில், சாண்டா கிளாஸின் வண்டியை ஒரே ஒரு கலைமான் இழுத்தது. ஈராண்டுகளுக்குப் பின், 1823 டிசம்பர் 23 அன்று, டிராய் நகரின் 'சென்டினல்' இதழில் பெயரின்றி வெளியான பாடலில் கலைமான்கள் எட்டாகப் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் கிடைத்தது. இடியையும் மின்னலையும் குறிக்கும் டச்சுச் சொற்களே அவற்றுள் இரண்டு. நியூயார்க் குருமடமொன்றின் பேராசிரியரும், எப்பிஸ்கோப்பல் ஆயர் ஒருவரின் மகனுமான கிளமெண்ட் மூர், 1844-இல் இப்பாடலைத் தம் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். ஹென்றி லிவிங்ஸ்டன் என்பவரே இதன் ஆசிரியர் என அவர் வழிவந்தோர் வாதிடுவதும் உண்டு.

வடபுலத்துத் தெய்வமான தோரின் தேரை இழுத்த ஆடுகளும், ஓடினின் எட்டுக்கால் குதிரையுமே கலைமான்களாக மாறின என்று சிலர் எழுதுவர். இரண்டையும் இணைக்கும் சான்று எதுவும் இல்லை. லாப்லாந்து பற்றி ஷெஃபெருஸ் இலத்தீனில் எழுதிய நூல் 1673-இல் வெளிவந்து, பல ஐரோப்பிய மொழிகளில் பெயர்க்கப்பட்டது. பனிவெளியில் வண்டி இழுக்கும் விலங்கை இத்தகைய நூல்கள் வழியே ஐரோப்பியர் முன்பே அறிந்திருந்தனர். ஆக, கலைமான் பழைய தெய்வங்களின் ஊர்தி அன்று. இருநூறு ஆண்டு அகவையே உடைய ஏட்டுக் கற்பனை. கவலைக்குரியது வேறொன்று. கலைமான் வந்தபோது ஆயரின் தலைச்சீராவும் செங்கோலும் மறைந்துபோயின. எஞ்சியவர், கம்பளி உடை அணிந்து புகைக்குழாய் பிடித்த முதியவர் மட்டுமே.

பசித்தோருக்கு வந்த மந்தை

கதையில் மட்டுமல்ல, வாழ்விலும் கலைமான் கடல் கடந்து சென்றதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலாஸ்காக் கரையோர மக்கள் பசியால் வாடினர். வணிக வேட்டைக் கப்பல்கள் திமிங்கிலங்களையும் கடற்பசுவை ஒத்த வால்ரஸ்களையும் அழித்ததே காரணம். அக்கடலில் 'பேர்' என்னும் அரசுக் கப்பலின் தலைவராயிருந்தவர் மைக்கேல் ஹீலி. அயர்லாந்துத் தந்தைக்கும் அடிமைத் தாய்க்கும் பிறந்தவர். அமெரிக்காவின் முதல் கறுப்பினக் கத்தோலிக்க ஆயரான ஜேம்ஸ் ஹீலியின் தம்பி. எதிர்க்கரையான சைபீரியாவில் சுக்சி மக்கள் கலைமான் வளர்த்துக் குறையின்றி வாழ்வதை அவர் கண்டார். பிரெஸ்பிட்டேரியன் மறைப்பணியாளர் ஷெல்டன் ஜாக்சன் நன்கொடை திரட்ட, 1891-இல் 16 கலைமான்களும், 1892-இல் 171 கலைமான்களும் ஹீலியின் கப்பலில் அலாஸ்கா வந்து சேர்ந்தன. மேய்க்கக் கற்பிப்பதற்காக நார்வேயிலிருந்து சாமி இனத்தவரும் அழைக்கப்பட்டனர்.

ஆயினும், யாருக்காக மந்தை வந்ததோ அவர்களுடைய கைக்கு அது முழுமையாகச் சேரவில்லை. 1914 முதல் லோமன் குடும்பத்தார் கலைமான்களை வாங்கிக் குவித்து இறைச்சி வணிகம் செய்தனர்; 1926 முதல் பெரிய அங்காடிகளோடு சேர்ந்து, உயிருள்ள கலைமான்கள் இழுக்கும் சாண்டா கிளாஸ் ஊர்வலங்களை நகரங்களில் நடத்தினர். மந்தைகள் அலாஸ்காவின் மண்ணின் மைந்தர்க்கே உரியவை என 1937-இல்தான் சட்டம் வந்தது. பசித்தோர்க்கென வந்த விலங்கு விளம்பரமாகிப்போன வரலாறு இது.

ஒதுக்கப்பட்ட மான்

ஒன்பதாவது கலைமானும் அங்காடியில்தான் பிறந்தது. 1939-இல் சிகாகோவின் மாண்ட்கோமரி வார்டு நிறுவனம், வாடிக்கையாளரின் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்க ஒரு கதை எழுதுமாறு தன் விளம்பர எழுத்தாளர் ராபர்ட் மேயைப் பணித்தது. அவ்வேளையில் அவருடைய மனைவி புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார், ஜூலையில் இறந்தார். பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்கலாம் என்று சொல்லப்பட்டபோதும் மே மறுத்துவிட்டார். எழுதிய கதையைத் தம் நான்கு வயது மகளுக்குப் படித்துக் காட்டினார். சிவந்த மூக்கினால் ஏளனத்திற்கு ஆளான ருடால்ஃப், பனிமூட்ட இரவில் அதே மூக்கின் ஒளியால் மற்றவற்றுக்கு வழிகாட்டுகிறது. அவ்வாண்டு 24 லட்சம் பிரதிகள் வழங்கப்பட்டன. 1947-இல் நிறுவனம் கதையின் உரிமையை அவருக்கே அளித்தது. 1949-இல் பாடலாகி அது உலகெங்கும் பரவியது. கட்டுவோர் விலக்கிய கல்லைப் பற்றி அறிந்த நமக்கு, துயருற்ற அத்தந்தையின் கதை அந்நியமாகத் தோன்றாது.

இன்று உண்மைக் கலைமானே பசியால் மடிகிறது. சைபீரியாவின் யாமல் தீவக்குறையில், 2013 நவம்பரில் பனியின்மேல் மழை பெய்து உறைந்தது. அடியிலிருந்த தீவனத்தை எட்ட முடியாமல் ஏறக்குறைய 61,000 கலைமான்கள் மாண்டன. அவற்றை நம்பி வாழும் நெனெத்சு மேய்ப்பர்கள் கலங்கி நின்றனர்.

ஆகவே, வாழ்த்து அட்டையின் கலைமானை நாம் வெறுத்து ஒதுக்க வேண்டுவதில்லை. அதைக் குடிலில் நிறுத்த வேண்டுவதும் இல்லை. அது சுமந்து வரும் பொதி யாருடைய வாயிலில் இறங்குகிறது என்று மட்டும் கேட்போம். மிராவின் ஆயருக்கு மான்களும் தேவைப்படவில்லை, வண்டியும் தேவைப்படவில்லை. இருளில் நடந்து சென்று, ஏழையின் சன்னலை அவர் அடையாளம் கண்டார். இந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவில் நம் தெருவில் அப்படி ஒரு சன்னல் எது என்பதை நாம் அறிந்திருக்கிறோமா?